பத்தாவது சேனல்

பேரணாம்பட்டில், ஷூ அப்பர் தைக்கும் யூனிட்டுக்கு மேலே
எங்கள் ஒத்திகை அறை.
கீழே நாற்பது மெஷின் இரவு ஷிப்ட் ஓடும்.
சொல்யூஷன் வாடை படியேறி வரும்.
குடியாத்தம் ரிசப்ஷன் பணத்தில் தகராறு,
முனவ்வரும் நானும் பேசிப் பதினெட்டு நாள்.

பேசாதவர்களுக்கென்றே செய்ததுபோல் ஒரு கேபிள்.
ஐந்து ஊசி. அதில் இரண்டு சும்மா,
கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பவர்கள் மாதிரி.
அவன் கீபோர்டின் அவுட்டிலிருந்து
என் டிரம் மெஷினின் இன்னுக்கு.
அதில் சத்தம் போகாது.
எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டாய்,
இவ்வளவுதான் போகும்.
கடைக்காரர் சொன்னபோது நம்பவில்லை,
காதில் வைத்துப் பார்த்தேன்.

செருகியதும்
அவன் ஒரு சோகப் பல்லவியைத் தொட்டான்.
ஸ-வுக்கு கிக். ரி-க்கு ஸ்நேர்.
மேல் ஸ்தாயியில் இழைந்து போகிற இடத்தில்
பாத்திரமெல்லாம் பரணிலிருந்து விழுந்தன.
புல்லாங்குழலுக்கு மாறினான்,
கேட்காமலே என் பெட்டியும் வேறு கிட்டுக்குத் தாவியது.
ரூபி மைக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

மெனுவுக்குள் இறங்கினேன்.
சின்னத் திரை, ஒரு நேரத்தில் ஒரு வரிதான் காட்டும்.
ஆம்னி ஆன் என்றிருந்தது:
தெருவில் யார் யாரைக் கூப்பிட்டாலும்
என்னையா என்று திரும்புகிற குணம்.
அணைத்தேன்.
பதினாறு சேனலில் தாளத்துக்குப் பத்து என்பது வழக்கம்.
பத்தில் வைத்தேன்.
இனி ஒன்றில் அவன் என்ன வாசித்தாலும்
என் பெட்டிக்குக் காது கேட்காது.
அது எனக்குப் பிடித்திருந்தது.

பாக்கி இருந்தது கடிகாரம்.
இன்டர்னல் என்றால் வேகம் என் கையில்,
எக்ஸ்டர்னல் என்றால் அவன் கையில்.
அவன் கீபோர்டின் இன் துளை போன வருஷமே உடைந்துவிட்டது,
அதற்குச் சொல்லத் தெரியும், கேட்கத் தெரியாது.
ஆகவே நான்தான் கொடுக்க வேண்டும்,
எட்டு வருஷமாக என் கட்டைவிரல் வைத்திருந்த வேகத்தை.
பகலில் கீழே பதினேழாம் மெஷின் என்னுடையது.
மிதி என் காலடியில்தான் இருக்கிறது.
ஆனால் மணிக்கு எத்தனை ஜோடி என்று
சூப்பர்வைசர் பலகையில் எழுதிவிட்டுப் போவார்.
எக்ஸ்டர்னல் எனக்குப் புதிதில்லை.

பிளே அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.
டெம்போ இருந்த இடத்தில் மூன்று கோடு,
ஒரு சிவப்பு விளக்கு இமைத்துக்கொண்டு.
அவன் தொடங்கினால்தான் உண்டு.
அவன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.
டம்ளரை ஜன்னலில் வைத்தான்.
பிறகு ஸ்டார்ட்.

ஒரு அடிக்கு இருபத்துநாலு துடிப்பு அனுப்புமாம் அது.
எனக்குக் கேட்டது அடி மட்டும்.
மீதி இருபத்துமூன்றைக் கேபிளே வைத்துக்கொண்டது.
சரணம் வந்ததும், நினைத்தபடியே, இரண்டு கூட்டினான்.
என் பெட்டி முணுமுணுக்காமல் கூடவே போயிற்று.
துரோகி என்று அதைத்தான் திட்டினேன், மனசுக்குள்.

ஒன்பதே காலுக்குக் கரண்ட் போனது.
நாற்பது மெஷினும் ஒரே தையலில் நின்றன.
வி.கோட்டாவிலிருந்து மலையிறங்கும் தக்காளி லாரியின்
பிரேக் மட்டும் நெடுநேரம் இழுத்தது.
இருட்டில் மூன்று பேர், ரூபியின் செல்போன் வெளிச்சம்,
யாரும் யாருடைய முகத்திலும் அடிக்காமல்.

கரண்ட் வந்தபோது பெட்டி எல்லாவற்றையும் மறந்திருந்தது.
உள்ளே பேட்டரி செத்து எத்தனை நாளோ.
ஆம்னி ஆன். சேனல் ஒன்று. இன்டர்னல்.
சும்மா ஒரு கட்டையைத் தொட்டான்,
மறுபடி பரண்.

"பத்து, கஸ்தூரி" என்றான்.

சேனலைச் சொன்னானா,
பத்தாம் தேதி தருகிறேன் என்றானா,
ஆயிரத்தைந்நூறில் பத்து நூறுதான் என்றானா,
கேட்கவில்லை.
பத்தில் வைத்தேன்.

கடிகாரத்தை மட்டும்
ஒரு பாட்டு முடியும்வரை
இன்டர்னலிலேயே விட்டிருந்தேன்.